ஐந்துக்கு இரண்டில் தோற்ற கட்டி

டாக்டர் லெயாந்த்ரோ உர்கிதி அந்த மருத்துவக் கல்லூரியை நான்கு முறை சீர்திருத்தியவர். முதல் சீர்திருத்தத்தில் முதலாம் ஆண்டு மாணவர்களை வார்டுக்குள் அனுப்பினார். உதவிப் பேராசிரியர் ஆனார். இரண்டாவதில் அவர்களை வார்டிலிருந்து வெளியே இழுத்தார், பேராசிரியர் ஆனார். மூன்றாவதில் திரும்ப உள்ளே அனுப்பி, நடுவில் ஒரு கண்ணாடிச் சுவர் எழுப்பி, இந்தப் பக்கம் நின்று நோயாளியைப் பார்க்கச் சொன்னார். துறைத் தலைவர் ஆனார். இதற்குள் இருபது வருஷம் ஓடிவிட்டது. அங்கே படித்து வெளியே போன டாக்டர்களிடம் ஈரல் எந்தப் பக்கம் இருக்கிறது என்று கேட்டால், "எந்தச் சீர்திருத்தத்துல?" என்று திருப்பிக் கேட்பார்கள்.

நான்காவதுதான் பெரியது. அதைச் சொல்லித்தான் அவர் டீன் தேர்தலில் ஜெயித்தார். பொலிவியாவின் அந்தப் பள்ளத்தாக்கு நகரத்தில் கல்லூரி விஷயம் எதுவானாலும் ஓட்டுதான். வாத்தியார்களுக்குப் பாதி ஓட்டு, மாணவர்களுக்குப் பாதி ஓட்டு. பாடத்திட்டத்துக்கு ஓட்டு, பரீட்சைத் தேதிக்கு ஓட்டு, கேன்டீன் சூப்பில் உப்பு எவ்வளவு என்பதற்கும் ஒருமுறை ஓட்டு நடந்திருக்கிறது.

பதவியேற்பு அன்று டீன் பேசினார்.

"நிஜ நோயாளிகளை வெச்சுப் பரீட்சை நடத்தினதுதான் நாம செஞ்ச வரலாற்றுத் தவறு. நிஜ நோயாளிக்குத் தரம் கிடையாது. இன்னிக்கு இங்க வலிக்குதும்பான், நாளைக்கு அங்க வலிக்குதும்பான். ஒருத்தன் பரீட்சைக்கு நடுவுல குணமாயிடறான். இன்னொருத்தன் செத்தே போயிடறான். நாங்க எதை வெச்சு மார்க் போடறது? இனிமே ஆறாவது வருஷம் வரைக்கும் எந்த மாணவனும் நோயாளியைத் தொட வேண்டாம். நோயாளியா நடிக்க ஆள் எடுத்து, பயிற்சி குடுத்து, அவங்களைத்தான் தொடணும். இந்தத் திட்டத்தால நோயே இல்லாத மருத்துவக் கல்வியை நாம சாதிக்கப்போறோம்!"

எல்லோரும் எழுந்து நின்று கை தட்டினார்கள். நோயே இல்லாத மருத்துவக் கல்வி என்றால் என்ன என்று ஒருவரும் கேட்கவில்லை.

கல்லூரி வாசலில் கசில்தா ரோச்சா மொகொசிஞ்சி விற்றுக்கொண்டிருந்தாள். காய்ந்த பீச் பழத்தை இலவங்கப்பட்டையோடு கொதிக்கவைத்த இனிப்புத் தண்ணீர் அது; தம்ளரின் அடியில் பழம் முழுசாகக் கிடக்கும். ஐம்பத்திரண்டு வயது, புருஷன் இல்லை, ஒரே மகள் சாந்தா குரூஸ் நகரத்தில் தையல் வேலை பார்க்கிறாள். ஐந்து மாதமாக அவளுக்குத் தொப்புளுக்குக் கீழே இடப்பக்கம் என்னவோ ஒன்று கையில் தட்டுப்பட்டது. முதலில் அவள் விற்கிற பீச் பழத்தின் கொட்டை அளவுதான் இருந்தது. பிறகு பழம் அளவு ஆயிற்று.

அரசு ஆஸ்பத்திரியில் விடியற்காலையில் வரிசையில் நின்றால்தான் அன்றைய சீட்டு கிடைக்கும். மூன்று நாள் நின்றாள், மூன்று நாளும் அவளுக்கு முன்னாலேயே சீட்டு தீர்ந்தது. நான்காம் நாள் ஒரு டாக்டர் தலை நிமிராமல் கேட்டுவிட்டு, பெரிய டாக்டருக்கு எழுதிக் கொடுத்தார். பெரிய டாக்டருக்கு எட்டு மாதம் கழித்துத்தான் தேதி.

அந்த வாரம்தான் கல்லூரிச் சுவரில் நோட்டீஸ் ஒட்டினார்கள். ஆரோக்கியமான பெண்கள் தேவை, தினமும் நாற்பது மாணவர்கள் பரிசோதிப்பார்கள், கூலியும் மதியச் சாப்பாடும் உண்டு. கூலியை அவள் படிக்கக்கூட இல்லை. நாற்பது பேர் என்ற இடத்தில் அவள் கண் நின்றுவிட்டது. ஒரு டாக்டர் கையைப் பிடிக்க எட்டு மாதம். இங்கே ஒரே நாளில் நாற்பது பேர் வந்து வயிற்றைத் தொடுவார்கள். நாற்பதில் ஒரு பிள்ளைக்காவது தட்டுப்படாமலா போகும்?

நடிப்பு நோயாளிகளுக்குப் பயிற்சி கொடுத்தவள் மிர்த்தா. முன்பு வானொலி நாடகங்களில் அழுகைப் பாத்திரங்கள் செய்தவள். நல்ல மனுஷி, ஆனால் எதையும் தாளில் இருந்தால்தான் நம்புவாள்.

"எனக்கு எந்த நோயும் இல்லைன்னு இதுல கையெழுத்துப் போடுங்க தோன்யா கசில்தா," என்றாள், அந்த ஊரில் வயதில் பெரியவளைக் கூப்பிடுகிற மரியாதைச் சொல்லோடு.

"இல்லம்மா, எனக்கு இந்த இடப்பக்கம்..."

"உங்களுக்கு இடப்பக்கம் ஒண்ணும் கிடையாது. நீங்க பித்தப்பைக் கல். வலப்பக்கம், விலாவுக்குக் கீழ. ராத்திரி பன்றி வறுவல் சாப்பிட்டீங்க, அதுலேர்ந்து வலி. மூணாவது தடவை அமுக்கினா மட்டும் 'ஐயோ'ங்கணும். ரெண்டாவதுக்குச் சொல்லிட்டீங்கன்னா பையனுக்கு மார்க் போயிடும், பாவம்."

கசில்தா கையெழுத்துப் போட்டாள்.

பன்னிரண்டு அறைகள், எட்டு நிமிஷத்துக்கு ஒரு மணி. மணி அடித்தால் ஒரு மாணவன் உள்ளே வருவான், மணி அடித்தால் போவான். மூலையில் ஒரு வாத்தியார் முப்பது வரி உள்ள தாளில் டிக் போடுவார். கையைக் கழுவினானா, டிக். பெயர் சொன்னானா, டிக். புன்னகை, டிக். முதல் நாள் முதல் பையன் உள்ளே வந்ததும் அவளைப் பார்த்துத் திகைத்தான். தினமும் அவளிடம் கடனுக்குக் குடிக்கிறவன்.

"கசேரா! நீங்களா?" என்றான். அந்த ஊரில் வாங்குகிறவரும் விற்கிறவரும் ஒருவரையொருவர் கூப்பிடுகிற வார்த்தை அது.

"நான்தான் சாமி. நல்லா அமுக்கிப் பாரு. எல்லாப் பக்கமும் பாரு."

அவன் வலப்பக்கம் மூன்று முறை அமுக்கினான். அவள் மூன்றாவதற்கு 'ஐயோ' என்றாள். மெதுவாக அவன் கையைப் பிடித்து இடப்பக்கம் நகர்த்தினாள். அவன் சூடு பட்டதுபோலக் கையை இழுத்துக்கொண்டு காதில் கிசுகிசுத்தான்.

"கசேரா, அந்தப் பக்கம் என் லிஸ்ட்டுல இல்ல. கெடுத்துராதீங்க, உங்களுக்குப் புண்ணியமாப் போகும்."

அன்றைக்கு நாற்பது பேர். மறுநாள் நாற்பது பேர். ஒரு மாதத்தில் அவளுடைய வலப்பக்கத்தைப் போல் அந்த மாகாணத்தில் பரிசோதிக்கப்பட்ட இடம் வேறு இருந்திருக்காது. இடப்பக்கத்தை ஒருவரும் எட்டிப் பார்க்கவில்லை. அவள் ஜாடையாகச் சொல்லிப் பார்த்தாள், பெருமூச்சு விட்டுப் பார்த்தாள். ஒருநாள் நிஜமாகவே குடல் முறுக்கிக்கொண்டு வலி வந்து, கட்டிலின் கம்பியைப் பிடித்துக்கொண்டு அலறிவிட்டாள். மாணவன் பயந்து சுவரோடு ஒட்டிக்கொண்டான். மிர்த்தா ஓடிவந்தாள்.

"என்ன தோன்யா இது, ஓவரா நடிக்கிறீங்க? முகத்தை இப்படிக் கோணினா யார் நம்புவா? நிஜ வலி இப்படியா இருக்கும்?"

"நிஜமாவே வலிக்குதும்மா."

"அதான் சொல்றேன், நம்பற மாதிரி இல்ல."

அன்றைக்கு அவள் பெயருக்கு எதிரே 'மிகை நடிப்பு, ஒரு எச்சரிக்கை' என்று எழுதினார்கள்.

இரண்டாம் மாதம் நோர்கா கோல்கே என்ற மாணவி வந்தாள். சுரங்க ஊர்க்காரி, குட்டையாக, முரட்டுக் கையோடு இருப்பாள். அவளுடைய அப்பா நுரையீரல் கெட்டு வீட்டிலேயே கிடந்து செத்தவர். அதனால்தானோ என்னவோ, நோயாளி என்றால் தாளைப் பார்க்காமல் ஆளைப் பார்க்கிற கெட்ட பழக்கம் அவளுக்கு இருந்தது. வலப்பக்கம் அமுக்கினாள். கசில்தா 'ஐயோ' என்றாள். நோர்கா நிறுத்தவில்லை. வயிறு முழுக்கக் கையை ஓட்டிக்கொண்டே வந்து இடப்பக்கம் நின்றாள். மறுபடி அமுக்கினாள். அவள் முகம் மாறியது.

"இது எத்தனை நாளா இருக்கு?"

கசில்தாவுக்குக் கண் நிறைந்துவிட்டது. இரண்டு மாதத்தில் இரண்டாயிரம் கை. இந்த ஒரு கைதான் கேட்டது. "ஏழு மாசமா இருக்கு தாயி," என்றாள்.

நோர்கா மூலையில் இருந்த வாத்தியாரைப் பார்த்து, "சார், இவங்களுக்கு இங்க கட்டி இருக்கு. வந்து பாருங்க," என்றாள். வாத்தியார் தாளை மேலும் கீழும் தேடினார். முப்பது வரியில் கட்டி என்று ஒரு வரி இல்லை. மணி அடித்தது. நோர்காவுக்குப் பூஜ்யம் விழுந்தது. காரணம்: 'இல்லாத அறிகுறியைக் கண்டுபிடித்தல்.'

நோர்கா விடுகிறவள் இல்லை. அப்பீல் செய்தாள். அப்பீல் என்றால் கல்லூரிக் கவுன்சில். வாத்தியார் மூன்று பேர், மாணவப் பிரதிநிதி மூன்று பேர், நடுவில் டீன். கசில்தாவை வெளியே பெஞ்சில் உட்காரவைத்தார்கள். கதவு சரியாகச் சாத்தாததால் எல்லாம் அவள் காதில் விழுந்தது.

சர்ஜன் பெரேதோ கிழவர் முதலில் பேசினார். "இதுல பேச என்ன இருக்கு? அந்தம்மா வெளிய உக்காந்திருக்கா. உள்ள கூப்பிடுங்க, நான் கையை வெச்சுப் பார்க்கறேன். ரெண்டு நிமிஷ வேலை."

டீன் அதிர்ந்து போனார். "டாக்டர் பெரேதோ! அவங்க இந்த வழக்கோட அளவுகோல். தராசைப் பத்தி வழக்கு நடக்கறப்ப நீதிபதியே தராசைப் பிரிச்சுப் பார்ப்பாரா? மேலும் அவங்க ஆரோக்கியமா இருக்கறதா கையெழுத்துப் போட்டிருக்காங்க. ஆரோக்கியமானவங்களை வைத்தியம் பார்க்கறது நெறிமுறைக்கு விரோதம்."

"அப்ப கட்டி இருக்கான்னு எப்படித் தெரியும்?"

"ஜனநாயக முறைப்படி."

மாணவத் தலைவர் கிரோவர் அந்தெசானா எழுந்தார். வயது நாற்பத்து மூன்று. இருபத்திரண்டு வருஷமாக மாணவர். அவருடைய மகன் அதே கல்லூரியில் சேர்ந்து, போன வருஷம் அவரைத் தாண்டி மேல் வகுப்புக்குப் போய்விட்டான்.

"தோழர்களே," என்றார் கிரோவர். "இன்னிக்கு ஒரு கட்டியை ஒத்துக்கிட்டா நாளைக்கு என்ன ஆகும்? இந்தம்மாவைப் பார்த்த ரெண்டாயிரம் தோழர்களும் கட்டியைக் கண்டுபிடிக்கலைன்னு ஆகும். ரெண்டாயிரம் பேரையும் ஃபெயில் பண்ணணும். ஒரு கிழவி வயித்துக்காக மாணவர் ஒற்றுமையைப் பலி குடுக்க நாங்க தயாரா இல்ல! வேணும்னா நோர்கா தோழிக்காக நான் தனிப்பட்ட முறையில் கண்ணீர் விடறேன்."

"இதுல என் மார்க்கு எனக்கு வேண்டாம்," என்று நோர்கா கத்தியது கேட்டது. "பூஜ்யமே போட்டுக்குங்க. அவங்களை ஒரு ஸ்கேனுக்கு அனுப்புங்க!"

"பாத்தீங்களா, அப்பீலை அவங்களே வாபஸ் வாங்கறாங்க," என்றார் டீன்.

ஓட்டு எடுத்தார்கள். கட்டி உண்டு என்று பெரேதோவும் ஒரு மாணவியும் கை தூக்கினார்கள். இல்லை என்று ஐந்து பேர். ஐந்துக்கு இரண்டில் கசில்தாவின் கட்டி தோற்றது. தீர்மானம் எண் 114 என்று பதிந்து, முத்திரை குத்தி, ஒரு நகலை மரியாதையாக அவள் கையிலும் கொடுத்தார்கள். 'திருமதி கசில்தா ரோச்சா அவர்களின் வயிற்றில் கட்டி எதுவும் இல்லை எனக் கவுன்சில் பெரும்பான்மையாக முடிவு செய்கிறது.' நோர்காவை ஒரு வருஷம் நிறுத்திவைத்தார்கள். ஊருக்குப் போகிற பஸ் ஏறும் முன் அவள் வந்து கசில்தாவின் கையைப் பிடித்தாள்.

"ஆஸ்பத்திரிக்குப் போங்கம்மா. யார் என்ன சொன்னாலும் போங்க."

கசில்தா போனாள். ஆனால் அந்த அரசு ஆஸ்பத்திரி கல்லூரியோடு சேர்ந்ததுதான். ஜன்னலில் இருந்த குமாஸ்தா கம்ப்யூட்டரைத் தட்டிப் பார்த்து உதட்டைப் பிதுக்கினான்.

"உங்க தேதியை எடுத்துட்டாங்களேம்மா. கட்டி இல்லைன்னு தீர்மானம் வந்திருக்கு. கவுன்சில்ல ஏழு பேரு ஓட்டுப் போட்டு முடிவு பண்ணியிருக்காங்க, நான் என்ன பண்ணட்டும்?"

"இங்க பாருய்யா, நீயே தொட்டுப் பாரு."

"நான் தொட்டா என் வேலை போயிடும். கட்டி இருக்குன்னு டீன் ஒரு வரி எழுதிக் கையெழுத்துப் போட்டுக் குடுத்தாப் போதும். அப்பவே உள்ள அனுப்பறேன், சத்தியமா."

ஒரு வரிதான். கசில்தா அதைப் பிடித்துக்கொண்டாள். மகள் போனில் அழுதாள், சாந்தா குரூஸுக்கு வந்துவிடு என்றாள். அங்கேயும் ஆஸ்பத்திரி வரிசைதான், தனியார் டாக்டரைப் பார்க்க மகளின் தையல் மெஷினை விற்றாலும் காணாது. கசில்தா டீன் அறை வாசலில் நின்றாள். ஒன்பது நாள் நின்ற பிறகு டீன் வெளியே வரும்போது பிடித்துக்கொண்டாள்.

"ஐயா, ஒரே ஒரு வரி எழுதிக் குடுங்கய்யா."

டீன் அவளை ஏற இறங்கப் பார்த்தார். கன்னம் ஒட்டி, கண் உள்ளே போய், பாவாடை இடுப்பில் நிற்காமல் ஊக்கு குத்தியிருந்தாள். அவர் முகம் மலர்ந்தது.

"மிர்த்தா! இவங்களை ஏன் இன்னும் பித்தப்பைக் கல்லுல வெச்சிருக்க? என்ன தோற்றம் பாரு! கெட்ட செய்தி அறைக்கு மாத்து." பிறகு அவளிடம் குனிந்து, "அம்மா, அடுத்த மாசம் வெளிநாட்டுலேர்ந்து அங்கீகாரக் குழு வருது. அவங்க முன்னால நானே டாக்டரா நடிச்சுக் காட்டப்போறேன். நீங்கதான் நோயாளி. நல்லபடியா செய்யுங்க, அப்புறம் உங்க விஷயத்தைக் கவுன்சில்ல வெச்சுடலாம்," என்றார்.

கெட்ட செய்தி அறை என்பது, நோயாளிக்குப் புற்றுநோய் என்று மாணவர்கள் பக்குவமாகச் சொல்லப் பழகும் அறை. அதற்கும் ஒரு தாள் உண்டு. கதவைத் தட்டுதல், டிக். நாற்காலியை அருகே இழுத்தல், டிக். செய்தி சொன்ன பின் ஏழு விநாடி மௌனம், டிக். கைக்குட்டை கொடுத்தல், டிக். அந்த மாதம் முழுக்க நாளைக்கு நாற்பது பேர் வந்து, கசில்தாவின் கண்ணைப் பார்த்து, உனக்குப் புற்றுநோய், பிழைக்க மாட்டாய் என்று இனிமையாகச் சொல்லிவிட்டுப் போனார்கள். அவள் ஒவ்வொருவருக்கும், "சொன்னதுக்கு நன்றி டாக்டர்," என்றாள். அவளுடைய வரி அவ்வளவுதான். சில பிள்ளைகள் வெளியே போகும்போது, "தத்ரூபமா இருந்துச்சு கசேரா," என்று பாராட்டினார்கள். அவளுக்கு அப்போது தன் பெயர்கூட மறந்துகொண்டிருந்தது; ஒரு வரி, ஒரு வரி என்று மட்டும் நினைவு இருந்தது.

அங்கீகாரக் குழு வந்த அன்று அரங்கம் நிறைந்திருந்தது. கோட் போட்ட மூன்று வெளிநாட்டார் முன்வரிசையில். டீன் வெள்ளைக் கோட்டு மாட்டிக்கொண்டு மேடையில் ஏறினார். இல்லாத கதவைத் தட்டினார். நாற்காலியை இழுத்தார். குரலைத் தாழ்த்தினார்.

"தோன்யா கசில்தா, மனசைத் திடப்படுத்திக்குங்க. உங்க வயித்துல ஒரு கட்டி இருக்கு."

ஏழு விநாடி மௌனம். அந்த ஏழு விநாடியில் கசில்தாவுக்குத் தன் வரி மறந்துவிட்டது. இத்தனை மாதம் எந்த வாய் அதைச் சொல்லாதா என்று காத்திருந்தாளோ, அந்த வாய் ஊரறியச் சொல்லிவிட்டது. அவள் நாற்காலியிலிருந்து சரிந்து அவர் கோட்டைப் பிடித்துக்கொண்டாள்.

"இருக்குல்ல? நீங்களே சொல்லிட்டீங்கல்ல? அப்ப எழுதிக் குடுங்கய்யா! இப்பவே எழுதிக் குடுங்க! நீங்க எழுதலைன்னா நான் செத்துருவேன்யா!"

மிர்த்தா திரைக்குப் பின்னால் தலையில் கை வைத்துக்கொண்டாள். ஆனால் நான்கு சீர்திருத்தம் கண்ட மனிதர் இதற்கெல்லாம் தடுமாறுவாரா? கைக்குட்டையை அவள் கையில் வைத்துவிட்டு, சபையைப் பார்த்துச் சொன்னார்.

"கவனிங்க. நோயாளி இப்ப எழுத்துமூலமான உறுதி கேக்கறாங்க. பழைய கால டாக்டரா இருந்தா எரிஞ்சு விழுந்திருப்பான். எங்க மாணவன் என்ன செய்வான்? மனிதாபிமானத்தோட எழுதிக் குடுப்பான்."

பேனாவை எடுத்தார். தன் பெயர் அச்சிட்ட தாளில், 'திருமதி கசில்தா ரோச்சாவின் வயிற்றில் கட்டி இருக்கிறது. உடனே சிகிச்சை தேவை' என்று எழுதி, கையெழுத்துப் போட்டு, முத்திரையும் குத்தி நீட்டினார். வெளிநாட்டார் மூவரும் எழுந்து கை தட்டினார்கள். ஒருவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

கசில்தா தாளை மார்போடு அணைத்துக்கொண்டு மேடையை விட்டு இறங்கினாள். ஆஸ்பத்திரி ஜன்னல் மூடப் பதினைந்து நிமிஷம் இருந்தது. படியில் மிர்த்தா வந்து வழியை மறித்தாள். கையில் தடித்த நீலக் கோப்பு.

"பிரமாதம் தோன்யா! நான் சொல்லிக் குடுத்ததைவிட நல்லா பண்ணிட்டீங்க. அந்தத் தாளைக் குடுங்க."

"இது என்னுது."

"குழுக்காரங்க கேக்கறாங்க. மனிதாபிமானப் பயிற்சிக்கு ஆதாரமா கோப்புல வெக்கணுமாம். இது இல்லைன்னா அங்கீகாரம் கிடையாது." மிர்த்தா மென்மையாக, ஒவ்வொரு விரலாகப் பிரித்துத் தாளை வாங்கினாள். கசில்தாவின் விரல்களில் இழுத்துப் பிடிக்கிற பலம் இல்லை. "பயப்படாதீங்க, கண்டிப்பா திருப்பித் தருவோம். ரசீது போட்டுத் தரேன்."

"எப்பம்மா தருவீங்க?"

"அங்கீகாரம் காலாவதி ஆனதும். ஏழு வருஷம்."

"ஏழு வருஷம் நான் இருக்க மாட்டேனேம்மா."

மிர்த்தா ரசீதைத் திருப்பிப் பார்த்தாள். அவள் முகம் தெளிந்தது. "அதுக்கும் இதுல இடம் விட்டிருக்காங்க. நீங்க இல்லைன்னா வாரிசு வந்து வாங்கிக்கலாம். உங்க இறப்புச் சான்றிதழ் மட்டும் அசலாக் கொண்டு வரணும், நகல் செல்லாது. மகள் பேரு என்ன சொன்னீங்க?"

"ரெய்னா," என்றாள் கசில்தா.

மிர்த்தா அழகான கையெழுத்தில் அந்தப் பெயரை எழுதினாள்.